கைக்கு மதிப்பெண் போடுவது யார்? செய்முறைத் தேர்வின் சாதி வரலாறு

பண்ருட்டியில் முந்திரிப் பருப்புக்கும் மதிப்பெண் உண்டு. டபிள்யூ-180, 210, 240, 320, 450 என்று வரிசையாகப் போகும். டபிள்யூ என்றால் உடையாத வெள்ளைப் பருப்பு. எண் என்பது ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் சிறியதானால் பருப்பு பெரியது, விலையும் அதிகம். இந்தத் தரத்தைக் கண்ணாலும் விரலாலும் பிரிக்கிறவர்கள் பெண்கள். கொட்டை உடைக்கும்போது தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகிற வேலையும் பெண்களுடையதுதான். நம் சேரிப் பெண்கள் அதில் நிறையப் பேர். ஏற்றுமதிச் சந்தை ஏற்றுக்கொள்கிற ஒரு தரத்தை நாள் முழுக்க நிர்ணயிக்கிற கைகள் அவை. அந்தக் கைகளுக்கு எவரும் தரம் போட்டதில்லை. கணக்குப் புத்தகத்தில் அது வெறும் கூலி வேலை.

தொழிற்பயிற்சியில் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று பேசும்போது இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று ஐடிஐகளிலும் குறுகிய காலப் பயிற்சிகளிலும் கலப்பு முறை வந்துவிட்டது. பாடம் செல்பேசியில், செய்முறை பட்டறையில் அல்லது ஏதாவது ஒரு கம்பெனியில். எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண், அதை யார் போடுவது என்பதெல்லாம் அலுவலக விவகாரம் என்று மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கக் கூடாது, தோழர்களே. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் நாம் பாதிக்கப்பட்டவர்கள்.

1886இல் சென்னை மாகாண அரசு அறிவியல், கலை, தொழில், வணிகப் பாடங்களுக்கென்று தனித் தேர்வுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தொழில் தெரிந்தவன் என்பதற்கு அரசு முத்திரை குத்திய தாள் இங்கே அப்போதுதான் பெரிய அளவில் உருவாகிறது. அதன் வாரிசு இன்றும் உயிரோடு இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகள்தான் அவை.

தட்டச்சுத் தேர்வைக் கொஞ்சம் கவனியுங்கள். அதுவும் செய்முறைத் தேர்வுதான், கைத்திறனைத்தான் சோதிக்கிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். வேகத் தேர்வு பத்து நிமிடம். பிழைக்கு இவ்வளவு குறைப்பு என்று விதி இருக்கிறது. கை செய்த வேலை தாளில் பதிந்துவிடுகிறது, அந்தத் தாள்தான் திருத்துகிறவர் முன்னால் போகிறது. அடித்தவனின் ஊர் என்ன, தெரு என்ன, அப்பன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்க அங்கே ஆளில்லை. நம் ஊர்களிலிருந்து அரசு அலுவலகத்துக்குள் முதல் தலைமுறையாக நுழைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடைத்தெரு மாடியில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை அவர்களில் பலர் சொல்வார்கள். (மாதக் கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் கதை வேறு.)

பட்டறைத் தொழில்களில் நிலைமை அப்படியில்லை. அங்கே முதல் தடை தேர்வு அல்ல, வாசல். அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய்க்கு அவர் அளித்த மனுவில் தொழில்நுட்பப் பயிற்சிக்குத் தனி இடம் இருக்கிறது. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டிஸாக எடுக்க வேண்டும் என்பது அதில் அவர் வைத்த யோசனை. சுதந்திர இந்தியாவில் அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது, அதில் இடஒதுக்கீடு இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் 3ஏ பிரிவு 1973இல்தான் சேர்க்கப்பட்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் 31 ஆண்டுகள். பண்ருட்டிக்குப் பக்கத்து நெய்வேலியில் அப்ரண்டிஸ் வரிசையில் இன்று நிற்கிற தம்பி தங்கைகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இடையில் 1953. ராஜாஜி அரசின் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி எதிர்த்தார்களே, அதுதான். கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இருந்த வகுப்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். நகராட்சிப் பகுதிகளுக்குத் திட்டம் பொருந்தாது. அதை ஆராய அமைக்கப்பட்ட பாருலேகர் குழு திட்டம் சரியானதே என்று அறிக்கை கொடுத்தது. ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. அதுவும் ஒரு கலப்புப் பயிற்சிதான், பாதி பள்ளியில், பாதி தொழில் நடக்கும் இடத்தில். ஆனால் அந்த இரண்டாவது பாதியின் முடிவில் பிள்ளையின் கையில் என்ன சான்றிதழ் இருந்திருக்கும்? தென்னார்க்காட்டுச் சேரியில் ஒரு பையன் தகப்பனோடு தோல் பதனிடவோ பறைக்கு வார் கட்டவோ அண்டை கழிக்கவோ கற்றுக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இவனுக்கு இந்தத் தொழில் இவ்வளவு தெரியும் என்று எந்த அரசு, எந்த முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருக்கும்? மேல்படிப்புக்கான தகுதியில் அந்த அறிவு எந்த இடத்தில் சேர்ந்திருக்கும்? எங்கேயும் இல்லை. கணக்கில் சேர்கிற படிப்பு குறைந்தது, கணக்கில் சேராத உழைப்பு கூடியது. எதிர்ப்பு சரியானது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். 2023இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் அறிவித்தபோது, விண்ணப்பிப்பவர் குடும்பத்தின் பரம்பரைத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்தது. 2024 நவம்பரில் அந்த வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்றும் சொன்னது. அதன் வேரும் 1953இல்தான் இருக்கிறது.

ஐடிஐக்கு வருவோம். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு வந்து, நாடு முழுக்க ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ் என்றானது. இது நமக்கு நன்மையே செய்தது. கடலூர் ஐடிஐயில் வாங்கிய ஃபிட்டர் சான்றிதழும் கான்பூர் சான்றிதழும் ஒன்றுதான். ஆனால் மதிப்பெண் பிரிவைப் பாருங்கள். இப்போதைய முறையில் ஓர் ஆண்டுக்கு மொத்தம் 600. செய்முறைத் தேர்வுக்கு 250, ஆண்டு முழுக்க நடக்கும் உள்மதிப்பீட்டுக்கு 200, தொழில் பாடத்துக்கு 100, வேலைத்திறன் பாடத்துக்கு 50. எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் எடுத்தால் போதும். செய்முறையிலும் உள்மதிப்பீட்டிலும் 60 சதவீதம் வேண்டும். கணினித் தேர்வில் எந்திரம் திருத்துவது சின்னப் பகுதி. 600இல் 450 மனிதர் கையில் இருக்கிறது.

அது தவறு என்று நான் சொல்லவில்லை. வெல்டிங்கை ஓஎம்ஆர் தாளில் சோதிக்க முடியாது. கேள்வி, அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்பதுதான். ஒரு ஃபிட்டர் மாணவி இரும்புத் துண்டை அரத்தால் ராவிப் பொருத்துகிறாள். வெர்னியரை வைத்தால் அளவு சரியா தவறா என்று தெரிந்துவிடும், அங்கே சாதி நுழைய வழி குறைவு. ஆனால் பாடத்திட்டம் அதோடு நிற்கவில்லை. மதிப்பெண் போடும்போது கூட்டு உழைப்பு, சிக்கனம், ஒழுங்கான வருகை ஆகியவற்றோடு நடத்தை மனப்பாங்கையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நடத்தையை அளக்க என்ன வெர்னியர் இருக்கிறது? நிமிர்ந்து பதில் சொன்னால் 'திமிர்', பேசாமல் நின்றால் 'ஆர்வமில்லை'. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வார்த்தைகள் இவை. உதவித்தொகை ஏன் வரவில்லை என்று கேட்டதும் நடத்தை என்ற பெயரில் அந்த மாணவியின் மதிப்பெண்ணில் போய்ச் சேரலாம்.

மனக்குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரிக்க 2006இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2007இல் அறிக்கை வந்தது. குழு விசாரித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 84 சதவீதம் பேர் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நியாயமாக நடக்கவில்லை என்றார்கள். நாட்டின் முதல் தர மருத்துவக் கல்லூரியின் நிலை இது. ஒரு சின்ன ஊர்ப் பயிற்சி மையத்துக்கு எந்தக் குழுவும் போனதில்லை.

ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் நடத்திய ஒரு சோதனையும் உண்டு. 2012இல் வெளியானது. மாணவர் எழுதிய தேர்வுத் தாள்களின் முகப்பில் சாதி, பால், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. பெரிய அளவில் அல்ல, ஆனால் தேர்ச்சிக் கோட்டின் விளிம்பில் நிற்பவரைக் கீழே தள்ளப் போதுமான அளவு. இரண்டு கண்டுபிடிப்புகளை நாம் மறைக்காமல் பேச வேண்டும். ஒன்று, இந்தக் குறைப்பைப் பெரிதும் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. சாதி நம் பேனாவுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'நம்ம ஆள் சார்தான், பார்த்துக்கொள்வார்' என்ற நம்பிக்கை தீர்வாகாது. இரண்டு, பாகுபாடு தாள் கட்டின் தொடக்கத்தில் அதிகமாக இருந்தது. எது நல்ல விடை என்று திருத்துகிறவருக்குத் தெளிவில்லாத நேரத்தில் அவர் முகப்பில் இருக்கும் சாதியைப் பார்க்கிறார் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அளவுகோல் தெளிவாக இருந்தால் சாதிக்கு வேலை குறையும்.

நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அது சேர்க்கை வழக்கு, செய்முறைத் தேர்வுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பதிவு செய்யுங்கள் என்ற யோசனை டேப் ரிக்கார்டர் காலத்தது. இன்று ஒவ்வொரு பையிலும் கேமரா இருக்கிறது.

கலப்பு முறையில் நமக்குச் சாதகமான இடம் இங்கேதான் இருக்கிறது. செய்த வேலையைப் படம்பிடித்து ஏற்ற முடியும் என்றால், முகமும் பெயரும் தெரியாத வெளி ஊர்த் தேர்வாளர் அதைப் பார்த்து மதிப்பெண் போட முடியும். தட்டச்சுத் தாள் செய்த வேலையை வெல்டிங் மூட்டின் படம் செய்யும். பாதகமான இடமும் உண்டு. பாடம் பார்த்த நேரத்தையே வருகையாகக் கணக்கிட்டு மதிப்பெண் போட்டால், வீட்டில் மூன்று பேருக்கு ஒரு செல்பேசி இருக்கிற பிள்ளை தோற்பாள். அங்கே அவளுடைய திறமை சோதிக்கப்படவில்லை, ரீசார்ஜ் சோதிக்கப்படுகிறது. கம்பெனி மேற்பார்வையாளர் போடும் மதிப்பெண் இன்னும் ஆபத்தானது. அவர் ஆசிரியரும் அல்ல, தேர்வாளரும் அல்ல. நாளைக்கு வேலை தருகிறவரோ தராமல் விடுகிறவரோ அவர்தான்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடு ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 2015 முதல் இருக்கிறது. முந்திரி தரம் பிரிக்கும் பெண்ணுக்குப் பொருந்த வேண்டியது இதுதான். ஆனால் வெறும் சான்றிதழாக அது நின்றுவிட்டால் பிரயோஜனமில்லை. கூலி உயர்வோடும் அடுத்த படிப்போடும் அது கட்டப்பட வேண்டும். பண்ருட்டியில் இயங்கும் தொழிற்சங்கத் தோழர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்மதிப்பீட்டுக்கான சான்றுகளை, அதாவது செய்த ஜாப், ரெக்கார்டு நோட்டு, வைவா, முன்னேற்ற அட்டவணை, வருகைப் பதிவு இவற்றை, அடுத்த தேர்வு வரை தணிக்கைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று ஐடிஐ பாடத்திட்டமே சொல்கிறது. தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் உரிமைச் சட்டத்தில் உண்டு என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு ஐடிஐ பொது அதிகார அமைப்பு. 200க்கு எனக்கு எத்தனை, எந்த ஜாப்புக்கு எவ்வளவு, நடத்தை என்ற தலைப்பில் எத்தனை குறைத்தீர்கள், எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதி என்று கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் மனு தயார். ஒருவர் போட்டால் அவரைத் தனியாகக் கவனிப்பார்கள், வகுப்பே சேர்ந்து போடுங்கள். ஆண்டுத் தேர்வு முடிந்து அடுத்த தேர்வு வருவதற்குள் போடுங்கள், அதற்குப் பிறகு கேட்டால் காகிதம் இருக்காது.