எழுத்துக்கூட்டலும் பொருள்கோடலும்

ஆறாந்தரத்துக்கு வந்த மாணவருட் சிலர் பாடநூலின் ஒரு பந்தியைத் தடையின்றி உரக்க வாசிப்பர். வாசித்தது யாதென வினவின் விழிப்பர். யாழ்ப்பாணத்திலாயினும் மன்னார்க் கரையிலாயினும் இடைநிலை வகுப்புகளிற் கற்பிப்போர் இதனை நன்கறிவர். கீழ்வகுப்பு ஆசிரியர்மீது பழி சுமத்துதல் எளிது. பொருளுணராது வாசித்தல் எவ்வாறு இயல்வதாயிற்று என வரலாற்றை வினவுதல் அதனினும் பயனுடைத்து.

பனையோலை வழங்கிய காலத்தில் அஃது ஏறக்குறைய இயலாத செயல். ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடார். புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்பர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே வெளியுமில்லை. 'மரததடியிலமானநினறது' என்று ஏட்டில் இருப்பின், 'மரத்தடியில் மான் நின்றது' எனப் பொருளை உடனுணர்ந்தவனே அதனை வாசிக்க வல்லவன். பொருள் தெரியாதவனுக்கு ஒலியும் கிட்டாது.

ஆயினும் அக்காலக் கல்வியை அளவிறந்து புகழ்தல் தகாது. திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலில் விரலாற் கீறி, கீறும்போதே எழுத்தைச் சொல்லிப் பழகினான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் மனனமாயின. பொருள் பின்னரே வந்தது. சிலருக்கு வாராமலே போயிற்று. அப்பள்ளியின் சிறப்பு வேறோரிடத்தில் உளது. சென்னையில் படைவீரரின் அனாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் மேற்பார்வையாளரான அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், மணலில் எழுதும் நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். தேறிய மாணவரைக் கொண்டே ஏனையோருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பின்னர் இம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று. நாமோ சட்டாம்பிள்ளையைப் பிரம்போடு மட்டுமே நினைக்கின்றோம்.

1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுகநாவலர், மறு ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அவருடைய பாலபாடங்கள் எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும், பின்னர் நீண்ட வசனத்துக்கும் படிப்படியாக ஏறுவன. சந்தி பிரித்தும் நிறுத்தக்குறியிட்டும் உரைநடையை அச்சிட்டமை பிள்ளைகளுக்குச் செய்த பேருதவி. ஏட்டில் வாசகன் செய்துவந்த வேலையை அச்சிற் பதிப்பாசிரியன் செய்து கொடுத்தான். வாசிப்புப் பலருக்கும் எட்டியது; பொருளறியாது வாசிக்கும் வாயிலும் உடன் திறந்தது. பாலபாடத்தின் படிமுறை அவ்வாயிலுக்கு இட்ட காவல் எனலாம். படியைத் தாவி ஏற்றுபவர் நாம்.

மன்னார்த் தீவில் முஸ்லிம்கள் வாழும் தாராபுரம் போன்ற ஊர்களை நோக்கும்போது, இவ்வரலாற்றின் இன்னொரு கிளையையும் கருதல் வேண்டும். இலங்கை, தமிழகக் கரையோர முஸ்லிம்களிடையே நெடுங்காலம் வழங்கியது அரபுத்தமிழ்: மொழி தமிழ், எழுத்து அரபு, அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்க்கப்பட்டன. தமிழெழுத்து அறியாத முதியோர், சிறப்பாகப் பெண்டிர், இவ்வெழுத்தில் அமைந்த நூல்களைப் பொருளுணர்ந்து வாசித்தனர். அவரைக் கல்லாதார் என எண்ணுதல் பிழை. குர்ஆன் ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒலித்திருத்தமே முதற்கடன். அரபுத்தமிழை எடுத்தவர்க்கோ பொருளே நாட்டம். ஒரே எழுத்தில் இருவகை வாசிப்பும் பழகிய மரபு அது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டி, புத்தளப் பகுதிகளுக்குச் சென்றனர். வீடும் பள்ளியும் நூலும் பின்னே நின்றன. 2009இன் பின்னர் மீண்டோரின் பிள்ளைகளிற் பலர் அரபெழுத்தை ஓதுதற்கே அறிவர்.

இடைநிலை ஆசிரியர் இவற்றிலிருந்து எடுத்தாளத்தக்கன உள. வாரத்துக்கொருமுறை ஒரு சிறு பந்தியைப் புள்ளியும் இடைவெளியும் நீக்கிக் கரும்பலகையில் எழுதி, மாணவரைப் பிரித்தெழுதச் செய்யலாம். பொருளறியாதவன் புள்ளியிட மாட்டான். ஒன்பதாந்தரத்து மாணவன் ஆறாந்தரத்துச் சிறுவனின் அருகிருந்து வாசிக்கச் செய்து, ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் பொருள் வினவலாம். பிரம்பு வேண்டா. தாராபுரத்தில் அரபுத்தமிழ் அறிந்த மூதாட்டி ஒருவர் இன்னும் இருப்பின், அவரை வகுப்புக்கு அழைத்து ஒரு பக்கம் வாசிக்கக் கேட்டு, மாணவர் அதனைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வாராக. அப்பக்கமும் அழியாது பிழைக்கும்.