ஹாரி பாட்டர் 4-ம் பாகம்: படம் பார்த்தாச்சா? அப்போ புத்தகத்தில் இதெல்லாம் மிஸ் பண்ணிட்டீங்க!

ஹாரி பாட்டர் படங்களை டப்பிங்கில் பார்த்திருப்பீங்க. ஆனா, புத்தகம்? ஏழு பாகம்னதும் மலைப்பா இருக்கா? இந்த சீரிஸோட திருப்பம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சா, படிக்கிற ஆசை தானா வரும். அது சரியா நடுவில் இருக்கிற 4-ம் பாகம், 'காப்லெட் ஆஃப் ஃபயர்'. (ஸ்பாய்லர் உண்டு மக்களே!)

சில தகவல்கள்

ஜே.கே.ரௌலிங் எழுதிய இந்தப் பாகம் வெளியானது 2000, ஜூலை 8. மொத்தம் 37 அத்தியாயங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் 636 பக்கங்கள். முந்தைய பாகத்தைப்போல இரண்டு மடங்கு! 2001-ல் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதும் வாங்கியது. மைக் நியூவெல் இயக்கிய படம் வந்தது 2005-ல்.

என்ன கதை?

மூன்று மந்திரப் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. 17 வயசு ஆனவங்கதான் கலந்துக்கணும். ஆனா, 14 வயசு ஹாரியின் பெயரும் எப்படியோ வந்துடுது. கடைசியில் ஹாரியும் செட்ரிக் டிகரியும் ஒண்ணா கோப்பையைத் தொடுறாங்க. அது வில்லன் வோல்டெமார்ட் விரித்த வலை. ஹாரி கண்ணெதிரிலேயே செட்ரிக் கொல்லப்படுறான்.

ஏன் இது முக்கியம்?

ஹாரிக்கு ஒரு வயசு இருக்கும்போதே அப்பா, அம்மா இறந்துட்டாங்க. அந்த இழப்பைப் புரிஞ்சுக்கிற வயசு இல்லை. முதல்முறையா ஒரு மரணத்தை நேரில் பார்த்து, புரிஞ்சுக்கிறது இங்கேதான். பள்ளி வண்டிகளை இழுக்கும் தெஸ்ட்ரல் குதிரைகள், மரணத்தைப் பார்த்து உணர்ந்தவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். 5-ம் பாகத்தில் ஹாரிக்கு அவை தெரிய ஆரம்பிக்குது. குழந்தைப் பருவம் முடிஞ்சுபோச்சுன்னு இதைவிட அமைதியா சொல்ல முடியுமா?

அதைவிடக் கொடுமை, நடந்ததை அவன் சொல்றான். மந்திர உலக அமைச்சரே நம்ப மறுக்கிறார். 'பெரியவங்க பார்த்துப்பாங்க' என்ற நம்பிக்கை உடையும் இடம் அது.

படத்தில் இல்லாதவை

* நண்பன் ரானின் அம்மா மோலி, மருத்துவ அறையில் ஹாரியை அணைச்சுக்கிற காட்சி. அப்படி ஒரு தாயின் அணைப்பு அவன் நினைவிலேயே இல்லை. படத்தில் மோலி கேரக்டரே கிடையாது!
* 1,000 கேலியன் பரிசுப் பணம். அதை செட்ரிக்கின் பெற்றோரிடம் கொடுக்கப் பார்க்கிறான் ஹாரி, அவங்க வாங்கலை. கடைசியில் ரானின் இரட்டை அண்ணன்களுக்கு, வேடிக்கைப் பொருள் கடை தொடங்கக் கொடுத்துடுறான். இனி எல்லாருக்கும் சிரிப்பு தேவைப்படும்னு அந்தச் சின்னப் பையனுக்குத் தோணுது.

எப்படிப் படிக்கலாம்?

நேரா 4-க்குத் தாவாதீங்க, 1-லிருந்து தொடங்குங்க. முதல் மூன்றும் ஒல்லியானவைதான். எளாவூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்கோ, காலேஜுக்கோ போறவரா? போகும்போது ஒரு அத்தியாயம், வரும்போது ஒண்ணுன்னு வெச்சாலும், 4-ம் பாகத்தின் 37 அத்தியாயங்கள் 19 நாளில் முடிஞ்சுடும். கல்லறைத் தோட்டம் வரும் 32-ம் அத்தியாயத்தை மட்டும் ரயிலில் தொடங்காதீங்க. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டுடுவீங்க!