காரணம் சொல்லாத கணக்கன்: நெதர்லாந்து தரும் படிப்பினை



செயற்கை நுண்ணறிவு அலுவலகங்களுக்குள் நுழைவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழும்போதெல்லாம், பிள்ளைகளின் வேலை பறிபோய்விடுமோ என்ற கவலையே முன்னே வந்து நிற்கிறது. அக்கவலை நியாயமானதே. ஆனால் வேலை பறிபோகாமல் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. நெதர்லாந்து வரித்துறை அலுவலகத்தின் அண்மைக்கால வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்நாட்டில் வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு அளிக்கிறது. வருமானத்திற்கேற்ப முன்பணமாகத் தரப்படும் அவ்வுதவியை நிர்வகித்து வந்தது வரித்துறை. 2013ஆம் ஆண்டில், பல்கேரிய மோசடிக் கும்பல்கள் அரசு உதவித்தொகைகளை ஏமாற்றிப் பெற்ற செய்தி வெளியாகி நாடே கொந்தளித்தது. மோசடிக்காரர்களை ஒடுக்கவேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தில் ஓங்கியது.

அதே ஆண்டில், தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல் ஒன்றை வரித்துறை பயன்படுத்தத் தொடங்கியது. சரியானவை, தவறானவை எனப் பிரிக்கப்பட்ட பழைய விண்ணப்பங்களிலிருந்து பாடம் கற்ற அந்நிரல், புதிய விண்ணப்பங்களுக்கு ஆபத்து மதிப்பெண் இட்டது. மிகுதியான மதிப்பெண் பெற்றவை ஊழியரின் மேசைக்குச் சென்றன. மதிப்பெண்ணைத் தீர்மானித்த கூறுகளுள் ஒன்று, விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா இல்லையா என்பது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது அந்த ஊழியரின் நிலையை. மதிப்பெண் ஏன் கூடியது என்ற விளக்கம் எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. காரணம் கூறாமல் ஒருவரைச் சுட்டிக்காட்டி, "இவரைச் சோதித்துப் பார்" என்று சொன்னால், சோதிப்பவரின் கண் குற்றத்தைத்தானே தேடும்? சோதனை நடக்கும்போதே உதவித்தொகையை நிறுத்திவைக்கவும் முடிந்தது. கையொப்பம் ஒன்று விடுபட்டிருந்தாலோ, பெற்றோர் செலுத்தவேண்டிய பங்கில் சிறு தொகை குறைந்திருந்தாலோ, ஆண்டு முழுவதும் பெற்ற உதவியையும் திருப்பிக் கட்டுமாறு ஆணை பிறந்தது. பல்லாயிரம் யூரோ கடன் ஒரே கடிதத்தில் வந்து விழுந்தது. வேண்டுமென்றே தவறு செய்தவர் என முத்திரை குத்தப்பட்டவருக்குத் தவணை முறையில் கட்டும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது.

பாதிக்கப்பட்ட பெற்றோர் ஏறத்தாழ 26,000 பேர் என முதலில் மதிப்பிடப்பட்டது. பின்னர் அத்தொகை மேலும் உயர்ந்தது. அவர்களுள் துருக்கிய, மொராக்கோ வம்சாவளியினர் பலர். வீடுகளை இழந்தோர் உண்டு. மணவாழ்வு முறிந்தோர் உண்டு. இக்குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்க்கப்பட்டனர்.

இதற்கெல்லாம் இயந்திரம் ஒன்றே காரணம் என்று கூறுவது நீதியாகாது. கடுமையான விதிகளை வகுத்தோர் மனிதர்கள். நிரலின் துணையின்றியே அதிகாரிகள் குறிவைத்த குடும்பங்களும் இருந்தன. ஆனால் "ஏன்?" என்று கேட்பது பணியின் ஒரு பகுதியாக இல்லாது போன அலுவலகத்தில், காரணம் சொல்லாத கணக்கன் ஒருவன் எளிதாகப் பொருந்திக்கொண்டான்.

கேட்டவர் ஒருவர் இல்லாமல் இல்லை. வரித்துறையிலேயே பணியாற்றிய சட்ட அறிஞர் சாண்ட்ரா பால்மென், 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரு வழக்குத் தொகுதியில் துறை தவறிழைத்துவிட்டது, பெற்றோருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் சாரம். அக்குறிப்பு புறக்கணிக்கப்பட்டது, 2020இல்தான் பொதுவெளிக்கு வந்தது. பத்திரிகையாளர்களும், பீட்டர் ஒம்ட்ஸிக்ட், ரென்ஸ்கே லைட்டென் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாது துருவியதால் விசாரணை நடந்தது. 2020 டிசம்பரில் வெளியான நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை, இதனை முன்னெப்போதும் கண்டிராத அநீதி என்றது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருத்தேயின் அமைச்சரவை பதவி விலகியது. இரட்டைக் குடியுரிமை விவரங்களை முறைகேடாகக் கையாண்டதற்காக, அதே ஆண்டு டிசம்பரில் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கப்பட்டது.

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல் மறு தரப்பையும் கேட்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் கடிதம், நேற்று அளித்த தீர்ப்பு பிழையெனத் தெரிந்தால் சத்தியத்தின்பால் திரும்பத் தயங்கவேண்டாம் என்று வலியுறுத்துகிறது. இயந்திரம் தானாக மறு தரப்பைத் தேடிச் சென்று கேட்பதில்லை. தன் தீர்ப்பை எண்ணி வருந்துவதுமில்லை. அவ்விரண்டும் நாற்காலியில் இருப்பவரின் அமானிதம்.

2024ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆளெடுப்பு, பதவி உயர்வு, பணிநீக்கம், அரசு உதவித்தொகை ஆகியவற்றைத் தீர்மானிக்கப் பயன்படும் நிரல்களை உயர் ஆபத்துடையவை என வகைப்படுத்தி, மனிதரின் மேற்பார்வையையும் கட்டாயமாக்குகிறது. ஆயினும் மேற்பார்வையிடும் மனிதர் கேள்வி கேளாதவராக இருந்தால் சட்டத்தால் என்ன பயன்? நெதர்லாந்திலும் மேசைக்குப் பின்னால் மனிதர் இருக்கத்தான் செய்தார்.

நம் பிள்ளைகளுள் பலர் நாளை வங்கியில், காப்பீட்டு நிறுவனத்தில், ஆள்சேர்ப்புப் பிரிவில் அமரக்கூடும். திரையில் ஒரு பெயருக்கு எதிரே சிவப்பு அடையாளம் தோன்றும்போது, காரணம் என்ன என்று கேட்கவும், அந்தப் பெயருக்குரியவரை அழைத்துப் பேசவும் அவர்களுக்கு இன்றே கற்றுக்கொடுப்போம். இன்னொரு நாள் அதே அடையாளம் நம் வீட்டுப் பெயருக்கு எதிரேயும் தோன்றலாம். அன்று அங்கே அமர்ந்திருப்பவர் கேட்கத் தெரிந்தவராக இருக்கவேண்டுமே!

நீதியை நிலைநாட்டுவோராக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.