சைலன்ட் பிளாக்: சத்தத்தை அடக்கிய ரப்பரின் கதை

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "சஸ்பென்ஷன் புஷ் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "எது, சைலன்ட் பிளாக்கா?" லாரி, வேன், கார் எதுவானாலும் இரும்புக் குழாய்க்குள் ரப்பர் வைத்த அந்தச் சின்னத் துண்டுக்கு நம்ம ஊரில் அதுதான் பெயர். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் எப்படி நகலெடுப்பதற்கே பெயராகிவிட்டதோ, அதே மாதிரி இதுவும் பொருளுக்கே பெயராகிவிட்டது.

'சைலன்ட்' என்பது பெயரிலேயே இருக்கும் வாக்குறுதி. சத்தம் போடாது என்று சொல்லி விற்ற பொருள். அப்படியிருக்க, இன்றைக்குப் புதுசாக வாங்கும், கொஞ்சம் வேகத்துக்காகவே செய்த கார்களில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் 'கிரீச்' என்கிறதே, ஏன்? இதற்குப் பதில் தேடப் போனால் மாட்டு வண்டி வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மை போட்ட காலம்

மாட்டு வண்டியில் சக்கரத்தின் நடுவே இருப்பது குடம். அதன் வழியே போவது இருசு. சக்கரம் கழன்று வராமல் இருக்கக் கடையாணி. இருசின் மேல் குடம் சுற்றும்போது இரண்டும் உரசும். உரசினால் சத்தம், சூடு, தேய்மானம். அதற்குத்தான் வண்டி மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்வார்கள். வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயில் அது தொங்கும். கிரீச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தி மை போட வேண்டும், அவ்வளவுதான்.

சத்தம் வந்தால் எண்ணெய் விடு என்ற பழக்கம் இங்கே தொடங்குகிறது. அது சரியான பழக்கமும்கூட, ஏனென்றால் இங்கே ஒரு பொருள் இன்னொன்றின் மேல் சறுக்குகிறது. சறுக்குகிற இடத்தில் மசகு வேண்டும்.

சிதம்பரம் தேரிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிசு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் நான்கு ரத வீதிகளைச் சுற்றி வரும். தேருக்கு ஸ்பிரிங் கிடையாது. வீதியின் மேடு பள்ளம் அப்படியே மரத்துக்குள் ஏறும். திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் போடும் முட்டுக்கட்டையால்தான். மரம் முனகும், அச்சு கத்தும். ஆனால் அந்தச் சத்தத்தை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. தேர் அசைகிறது என்று ஊருக்குச் சொல்வதே அதுதான்.

பரங்கிப்பேட்டை உலையும் 1839-ம்

சக்கரத்துக்கும் உட்காருகிற ஆளுக்கும் நடுவே ஸ்பிரிங் வந்தது வண்டிகளின் வரலாற்றில் பெரிய திருப்பம். 1804-ல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர், எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் லாரிகளுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் அதற்கு நல்ல எஃகு வேண்டும், அதுவும் மலிவாகக் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் நம்ம பகுதி எதிர்பாராமல் கதைக்குள் வருகிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் பரங்கிப்பேட்டை. ஆங்கிலேயர்கள் போர்ட்டோ நோவோ என்று அழைத்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் இங்கே இரும்பு உலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, எரிபொருளுக்கு மரக்கரி. இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போனது. உலை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் ஹீத் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும், செலவு குறையும் என்று காட்டி 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலுக்கு அது பெரிய லாபம். ஆனால் அந்த வாசகத்தில் ஓட்டை கண்டுபிடித்து, அதே மாங்கனீசை வேறு வடிவில் சேர்த்து, உரிமைத்தொகை தராமல் தப்பித்துக்கொண்டார்கள். ஹீத் வழக்குப் போட்டே ஓய்ந்தார். 1851-ல் இறந்துபோனார். இன்றைக்கு ஸ்பிரிங் எஃகு எதை எடுத்தாலும் அதில் மாங்கனீசு இருக்கும்.

அதே 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டுபிடித்தார். அவருக்கும் காப்புரிமை வழக்குகள்தான் மிச்சம். 1860-ல் கடனோடு இறந்தார்.

ஒரே வருஷத்தில் இரண்டு பேர், இரண்டு பொருள். நம்ம காருக்கு அடியில் இருக்கும் புஷ் என்பது அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டதுதான்: வெளியே எஃகு, உள்ளே ரப்பர். ஆனால் அவை சேர இன்னும் ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது.

சறுக்காத மூட்டு

அதுவரைக்கும் மோட்டார் வண்டிகளின் மூட்டுகளில் இருந்தது கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வகைக் குழாய்க்குள் எஃகு பின். மாட்டு வண்டிக் குடத்தின் வாரிசு. கிரீஸ் கன்னால் அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு முன்சக்கரத்துக் கிரீஸ் நிப்பிள் நினைவிருக்கும். அடிக்கத் தவறினால் கிரீச், அப்புறம் ஆட்டம்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சைலன்ட் பிளாக் வந்தது. அதன் யோசனை எளிது. பெரிய குழாய் ஒன்று, சின்னக் குழாய் ஒன்று, நடுவே ரப்பர் வளையத்தை நெருக்கி அழுத்தித் திணித்துவிடுவது. ரப்பர் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். ஒரு ஹவாய் செருப்பை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, விரல்களை எதிரெதிராக நகர்த்திப் பாருங்கள். விரல் வழுக்காது, ரப்பர்தான் உள்ளுக்குள் இழுபடும். சஸ்பென்ஷன் ஆர்ம் மேலே கீழே ஆடும்போது புஷ்ஷுக்குள் நடப்பது இதுதான். எதுவும் எதன் மேலும் சறுக்கவில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சறுக்கல் இல்லை என்றால் உரசல் இல்லை. உரசல் இல்லை என்றால் கிரீஸும் வேண்டாம், சத்தமும் இல்லை.

மை போட்ட காலம் இங்கே முடிந்தது. ஆனால் மை போடுகிற பழக்கம் முடியவில்லை. பிரச்சினையே அதுதான்.

வேகக் காரில் ஏன் சத்தம் திரும்பி வந்தது

மென்மையான ரப்பர் சத்தத்தை அடக்கும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது அதே ரப்பர் நசுங்கிக் கொடுக்கும். ஸ்டியரிங் சொன்ன இடத்தில் சக்கரம் நிற்காமல் ஒரு நூல் நகரும். சாதாரணக் காரில் இது யாருக்கும் தெரியாது. வேகத்துக்காகச் செய்த காரில் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் மூன்று வழி பிடித்தார்கள்.

ஒன்று, ரப்பரையே கெட்டியாக்குவது. இரண்டு, பாலியூரித்தேன் புஷ். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு கண்டுபிடித்த பொருள் இது. கார் பிரியர்கள் தாங்களே மாற்றிப் போடுவது பெரும்பாலும் இதைத்தான். மூன்று, ரப்பரே இல்லாத உலோகக் குண்டு மூட்டு. பந்தயக் கார்களில் இருப்பது.

பாலியூரித்தேன் புஷ் பல வகைகளில் உள் குழாயோடு ஒட்டியிருக்காது, அதன் மேல் சுற்றும். அதாவது மறுபடியும் சறுக்கல் வந்துவிட்டது. உலோகக் குண்டும் சறுக்குவதுதான். வயலின் வில் தந்தியைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு நாதம் எழுப்புவது போலவே, கிரீஸ் காய்ந்த புஷ்ஷும் குழாயைப் பிடித்து விடுகிறது. அந்தக் 'கிரீச்' அதுதான். வேகத்துக்காக நாம் மாட்டு வண்டிக் குடத்துக்கே ஒரு வகையில் திரும்பியிருக்கிறோம்.

என் நண்பர் ஒருவர் தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போய் வருகிறவர், ஒரு வழிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். கெட்டியான சஸ்பென்ஷன் வைத்த புதுக் கார், ஒரு வருஷம் ஆவதற்குள் முன்பக்கம் கிரீச். ஓர் இடத்தில் "இந்த மாடலுக்கு இப்படித்தான் சார்" என்றார்கள். இன்னோர் இடத்தில் ரெண்டு லோயர் ஆர்மையும் மாத்தணும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், "அண்ணே, ரெண்டு சொட்டு ஆயில் விட்டா போயிடும்."

நண்பர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "மழை பெஞ்சா மட்டும் சத்தம் இல்லப்பா." அதில்தான் விடை இருந்தது. முறுக்கிக்கொள்ளும் புஷ்ஷுக்கு வெளியே ஈரம் பட்டாலும் படாவிட்டாலும் ஒன்றுதான். ஈரத்தால் சத்தம் அடங்குகிறது என்றால் எங்கோ வெளிப்பக்கத்தில் சறுக்கல் நடக்கிறது. இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ், பல கார்களில் அந்த வகை. பார் அதற்குள் திரும்பும். சாலை வேலை நடக்கிற புழுதி, கடற்கரை மணல் எல்லாம் இடையில் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

ஒரு மெக்கானிக்கை வைத்து, காரை ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். ஸ்டெபிலைசர் புஷ்ஷில் தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றது. கழற்றி, பாரில் ஒட்டியிருந்த மணலையும் துருவையும் சுத்தம் செய்து, புது ரப்பரும் சிலிகான் கிரீஸும் போட்டதோடு வேலை முடிந்தது. லோயர் ஆர்ம் இரண்டும் இன்னும் அதே ஆர்ம்தான்.

எண்ணெய்ச் சொட்டின் விலை

அந்த "ரெண்டு சொட்டு ஆயில்" விட்டிருந்தால்? சத்தம் அன்றைக்கு நின்றிருக்கும், மூன்றாவது இடத்துக்காரர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் என்ஜின் ஆயில், டீசல், சாதாரண கிரீஸ் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. இயற்கை ரப்பர் அவற்றைக் குடித்து உப்பும், பிசுபிசுக்கும், கடைசியில் பிய்ந்துபோகும். லோயர் ஆர்ம் புஷ் அப்படிப் பிய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். சத்தத்தை நிறுத்தப் போய் வண்டியின் பிடிப்பையே கெடுத்துக்கொள்வதாகிவிடும்.

முறுக்குகிற புஷ்ஷுக்கு இன்னொரு சூட்சுமமும் உண்டு. புதுசு மாற்றும்போது காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால், இறக்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். ஓய்வே இல்லாமல் இழுபட்டுச் சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் காரின் எடை உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்குக் கொடுக்க வேண்டும். கன்மெட்டல் காலத்தில் இந்த விதிக்குத் தேவையே இல்லை. பின் எந்த நிலையிலிருந்தும் சுதந்திரமாகச் சுற்றும். அந்தக் காலத்துக் கை வேலையை அப்படியே ரப்பருக்குச் செய்தால், புது புஷ்ஷும் சில மாதத்தில் கிழிந்து நிற்கும்.

சத்தத்தின் வகையையும் கவனிக்கலாம். 'கிரீச்' என்றால் பெரும்பாலும் சறுக்கல், அவசரம் குறைவு. 'டொக், டொக்' என்று பள்ளத்தில் இடித்தால் ரப்பர் கிழிந்திருக்கலாம், இல்லை பால் ஜாயின்ட் தளர்ந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. சில புதுக் கார்களின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அதிலிருந்து கசிவு தெரிந்தால் அந்தப் புஷ்ஷையே மாற்றுவதுதான் வழி. ஆர்மோ அதன் புஷ்ஷோ மாற்றினால் வீல் அலைன்மென்டும் பார்த்துவிட வேண்டும்.

ஆக, ஒரே காருக்கு அடியில் மூன்று காலங்கள் இருக்கின்றன: மை கேட்கிற மூட்டு, மையே ஆகாத மூட்டு, வேகத்துக்காக மறுபடியும் மை கேட்கத் தொடங்கிய மூட்டு. வெளியே கேட்கிற சத்தம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மருந்து மட்டும் வேறுவேறு. அதனால் அடுத்த முறை யாராவது எண்ணெய்க் குப்பியோடு காருக்கு அடியில் போனால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது சறுக்குற புஷ்ஷா, முறுக்குற புஷ்ஷா?"