பவானிபூருக்குப் பாவாடை வந்த கதை

உலகத் துணிக்கடைகளில் ‘பெசன்ட் ஸ்கர்ட்’ என்றும் ‘போஹீமியன் ஸ்கர்ட்’ என்றும் தொங்கும் அடுக்குப் பாவாடையைத் தைப்பது பெரிய வித்தையல்ல. நீளத் துண்டுகளைச் சுருக்கம் வைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக இணைக்க வேண்டும். ஒவ்வொரு கீழ் அடுக்குக்கும் மேலுள்ளதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு துணி பிடிக்கும். கணுக்காலுக்கு வருவதற்குள் பாவாடை பல கஜச் சுற்றளவுக்கு விரிந்துவிடும். கிழக்கு ஐரோப்பியக் கிராமத்துப் பெண்களின் இந்த உடையை 1960, 70களின் ஹிப்பிகள் விரும்பி உடுத்தினார்கள். 1976-இல் ஈவ் சான் லோரான் அதைப் பாரிஸ் மேடைக்கு ஏற்றினார். ராஜஸ்தான், குஜராத்தின் காக்ரா பாவாடைகளும் அச்சுப் பருத்தியும் அதே அலையில் கடல் கடந்தன. வயலில் நின்ற பெண்ணின் உடை நகரத்துக்குப் போனது என்றுதான் பாவாடையின் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது.

வங்கத்தில் அது தலைகீழாக நடந்தது. அங்கே உழவர் வீட்டுப் பெண்ணுக்குப் பாவாடையே கிடையாது. ஒற்றைச் சேலைதான் அவளுடைய முழு உடை. பாவாடை அங்கே வக்கீல் வீட்டிலும் அதிகாரி வீட்டிலும் முதலில் நுழைந்து, பிறகுதான் கிராமத்துக்கு இறங்கியது. அது நுழைந்த வழியைத் தேடிப் போனால், தெற்குக் கல்கத்தாவின் பவானிபூரில் சில நல்ல தடயங்கள் கிடைக்கின்றன.

ஆதிகங்கையின் கிழக்கே இருக்கும் பவானிபூர், கம்பெனிக் காலத்தில் நகர எல்லைக்கு வெளியே கிடந்த புறநகர். கல்கத்தா மாநகராட்சியோடு அது சேர்ந்தது 1888-இல்தான். சதர் திவானி அதாலத் என்ற உயர் சிவில் நீதிமன்றம் அருகிலேயே இருந்ததால் வக்கீல்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சம்புநாத் பண்டிட், அவுரி விவசாயிகளுக்காக எழுதிய ‘ஹிந்து பேட்ரியட்’ ஆசிரியர் ஹரீஷ் சந்திர முகர்ஜி இருவரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் பெயரில் இன்றும் தெருக்கள் உண்டு. 1852-லேயே இங்கே பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த அமைப்பு தொடங்கிவிட்டது. படித்த ஆண்கள் நிறைந்த ஊர்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் அந்தர்மகால் எனப்பட்ட உள்கட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

வராததற்குக் கட்டுப்பாடு ஒரு காரணம், உடை இன்னொரு காரணம். 1820களில் கல்கத்தாவில் வாழ்ந்த ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, செல்வந்தர் வீட்டுப் பெண்கள் உடல் தெரியும் அளவுக்கு மெல்லிய பனாரஸ் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தோளில் போட்டிருந்ததை வியப்போடு எழுதிவைத்தார். ரவிக்கையும் இல்லை, பாவாடையும் இல்லை. இதைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை. பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டிய நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் உள்பாவாடை தேவைப்படவில்லை. கெட்டி நூல் சேலையே போதுமான மறைப்பு. வங்கத்துப் பணக்கார வீடுகளில் சேலை மெலிந்துகொண்டே போனது, பெண்ணும் நான்கு சுவருக்குள்ளேயே இருந்தாள். சிக்கல் அங்கேதான்.

பவானிபூரில் இயங்கிய லண்டன் மிஷன் சங்கத்தின் பள்ளியில், ஹானா கேதரின் என்ற சிறுமி பன்னிரண்டு வயதிலேயே வங்காளத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். 1826-இல் கல்கத்தாவிலேயே பிறந்த பாதிரியார் மகள் அவள். பின்னாளில் ஹானா மல்லன்ஸ் என்ற பெயரில் 1852-இல் ‘பூல்மணி ஓ கருணார் பிபரண்’ எழுதினார். வங்காளத்தின் முதல் நாவல் அதுதான் என்று வாதிடுவோர் உண்டு. வீட்டுக்கு வந்த ஒரு கனவான், ஹானா காலணிக்குப் பூவேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்துத் தன் மனைவிக்கும் இதைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டதாகவும், அந்தர்மகாலின் கதவு அவருக்கு அப்படித்தான் திறந்ததாகவும் மிஷன் நூல்கள் சொல்கின்றன. ஊசியும் நூலும் உள்ளே போயின. எழுத்துப் பயிற்சி அவற்றின் பின்னால் போனது. 1861-இல் ஹானா இறந்தபோது வயது முப்பத்தைந்து.

அடுத்த மாற்றம் ஜோராசாங்கோவின் தாகூர் வீட்டிலிருந்து வந்தது. ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர், 1864-இல் மனைவி ஞானதாநந்தினி தேவியைப் பம்பாய்க்கு அழைத்துப் போக விரும்பினார். எதை உடுத்திக்கொண்டு கப்பலேறுவது? ஒற்றைச் சேலையோடு அந்நியர் நடுவே போக முடியாது. பிரெஞ்சுத் தையற்கடையில் ‘கீழைநாட்டு உடை’ என்று ஒன்றைத் தைக்கக் கொடுத்தார்கள். அதைத் தானாக அணிந்துகொள்ளவே அவரால் முடியவில்லை; கணவர் உதவ வேண்டியிருந்தது.

விடை பம்பாயின் பார்சிப் பெண்களிடம் இருந்தது. உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை, அதன்மேல் சேலை. ஞானதாநந்தினி அந்த முறையை எடுத்துக்கொண்டு, முந்தானையை இடத்தோளில் போட்டு வலக்கைக்கு வேலை செய்ய வசதி தந்தார். ஊர் திரும்பிய பின் 1866-இல் வைஸ்ராய் விருந்துக்குப் போனபோது பலர் அவரைப் போபால் பேகம் என்றே நினைத்தார்களாம். அவர் தம் குடும்பத்துப் பெண் என்று அறிந்த பிரசன்னகுமார் தாகூர் வெட்கம் தாங்காமல் வெளியேறிவிட்டார். 1871-இல், ‘பாமாபோதினி பத்ரிகா’ என்ற பெண்கள் இதழின் வழியே, இந்தக் கட்டைக் கற்க விரும்புவோருக்குச் சொல்லித்தரத் தயார் என்று ஞானதாநந்தினி அறிவித்தார். பிரம்ம சமாஜக் குடும்பங்கள் முதலில் ஏற்றதால் ‘பிராமிகா சேலை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ரவிக்கையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உண்மையில் வேலை செய்தது பாவாடை. இடுப்பில் நாடா இறுகியதும் கொசுவத்தைச் செருகப் பிடிமானம் கிடைத்துவிட்டது. பழைய வங்காளக் கட்டில் சேலை தன்னைத்தானே தாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது நாடா தாங்கியது. அதே ஆறு கஜத்தை முன்கொசுவமாக வைக்கலாம், அகல மடிப்பாக விடலாம், முந்தானையை நீட்டலாம், குறைக்கலாம். மெல்லிய சேலையோடும் தெருவில் நடக்கலாம், டிராமில் ஏறலாம். கூச்பிஹார் மகாராணி சுனீதி தேவி முந்தானையில் ப்ரூச் குத்தி அதையே அரண்மனை உடையாக்கினார்.

தைத்துக்கொடுக்க ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பவானிபூருக்கு மேற்கே, ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுரூஸ். அரியணை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து தங்கிய இடம். ‘ஒஸ்தாகர்’ எனப்படும் அந்த வட்டாரத்து முஸ்லிம் தையற்காரர்களின் கைகள் கல்கத்தாவுக்கே உடை தைத்தன. பாவாடையை வங்காளிகள் ‘சாயா’ என்கிறார்கள். சேலைக்கு உள்ளே அடுக்குப் பாவாடை உதவாது. சுருக்கங்கள் இடுப்பில் புடைத்துக்கொள்ளும். அதனால் மேலே குறுகிக் கீழே அகன்ற துண்டுகளை வெட்டி இணைத்தார்கள். இடுப்பு படிந்திருக்கும், காலடி தாராளமாக விரியும். சேலையைத் தூக்கினால் தெரியும் ஓரத்தில் மட்டும் ஒரு சுருக்குப்பட்டை அல்லது லேஸ்.

1921 டிசம்பரில் இந்த உடையோடு பவானிபூர்ப் பெண்கள் அரசியலுக்கு வந்தார்கள். ரஸ்ஸா சாலையில் வசித்த காங்கிரஸ் தலைவர் சித்தரஞ்சன் தாஸின் மனைவி பசந்தி தேவியும் நாத்தனார் ஊர்மிளா தேவியும் கதர் விற்கத் தெருவில் இறங்கிக் கைதானார்கள். கைதான செய்தி பரவியதும் நகரமே கொதித்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அறுபது ஆண்டுக்கு முன் அந்த வகைக் குடும்பத்துப் பெண் வாசற்படி தாண்ட உடை இல்லாமல் இருந்தாள். கதர் மூட்டையை வைத்துக்கொண்டு காவல்காரர் முன் நின்ற அந்தத் துணிச்சலில் பாவாடைக்கும் சிறு பங்கு உண்டு என்று சொல்வது மிகையாகாது.

பாவாடை வெளியுடையாகவே தெருவுக்கு வந்தது குஜராத்திகளால். வணிகத்துக்காகக் கல்கத்தா வந்த குஜராத்தி, மார்வாரி, பஞ்சாபிக் குடும்பங்கள் பவானிபூரில் செறிந்தன. ‘மினி இந்தியா’ என்று தேர்தல் நேரத்துச் செய்தித்தாள்கள் எழுதும் அளவுக்கு. குஜராத்தி சமூகம் தொடங்கிய கல்லூரி 1966 முதல் இங்கே நடக்கிறது. நவராத்திரியும் துர்க்கை பூஜையும் ஒரே நாட்களில் வருவதால், ஒரு தெருவில் சிவப்புக் கரை வெள்ளைச் சேலை, அடுத்த தெருவில் கண்ணாடி பதித்த சணியா சோளி, அதாவது பாவாடையும் ரவிக்கையும். கல்லூரிப் பெண்கள் அந்தச் சணியாவைப் பண்டிகை முடிந்ததும் பெட்டியில் பூட்டிவைப்பதில்லை. வெள்ளைச் சட்டையோடு, காந்தா தையல் போட்ட மேலங்கியோடு, தாத்தாவின் கதர் குர்தாவோடு சேர்த்து உடுத்துகிறார்கள். சற்றுத் தெற்கே டாகுரியாவின் தக்ஷிணாபன் வளாகத்தில் பல மாநிலக் கைத்தறிக் கடைகள் வரிசையாக இருப்பதால், இந்தச் சேர்மானங்களுக்குத் துணி தேட அதிகம் அலைய வேண்டாம்.

பனாரஸ் பட்டும் வங்கத்தின் பாலுசாரிப் பட்டுச் சேலையும் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிய பழைய சாயாக்கள் தரை துடைக்கப் போய்விட்டன. உங்கள் வீட்டில் பாட்டி, கொள்ளுப்பாட்டி காலத்து உள்பாவாடை ஒன்று கிழியாமல் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். யாருடையது, எந்த ஊரில் தைத்தது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து மடித்துவையுங்கள்.