எம்.டி. 90: கறளேறிய சில்லுகளின் கதை

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெரியப்பாவின் பேரன். வேலணை வீட்டில் நிற்கும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொன்னான். நிபந்தனை ஒன்றே ஒன்று. "சித்தப்பா, அப்பப்பா ஓடின றிம்மை மட்டும் மாத்தாதேங்கோ. குரோம் அடிச்சு அதையே போடுங்கோ."

எம்.டி. 90 ஜப்பானிய அஞ்சற்காரர்களுக்காக ஹொண்டா நிறுவனம் 1970களில் தயாரித்த வண்டி. 1958இல் வெளிவந்த சுப்பர் கப்பின் வழித்தோன்றல். கிளச் பிடிக்கும் வேலை இல்லை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் ஜப்பானில் பாவித்துக் கழித்த வாகனங்கள் இலங்கைக்கு வரத் தொடங்கியபோது இதுவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களும் கிராம சேவையாளர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். பெரியப்பாவும் ஆசிரியர்தான்.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியது. கோட்டை முற்றுகையில் இருந்தமையால் பண்ணை வழி முன்னரே மூடப்பட்டிருந்தது. சனங்கள் வள்ளங்களில் குடாநாட்டுக்குத் தப்பினார்கள். வள்ளத்தில் ஆளுக்கே இடமில்லை. பெரியப்பா வண்டியை மாட்டுக்கொட்டிலுக்குள் விட்டுச் சாக்கினால் மூடிவிட்டு வந்தார். 'இரண்டு கிழமையில் திரும்பலாம்' என்று நினைத்ததாகப் பின்னர் சொல்லுவார். திரும்பாமலே இடம்பெயர்ந்த வீடொன்றில் காலமானார்.

குடாநாட்டில் அப்போது பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் தடைப்பட்டன. நான் பல்கலைக்கழக மாணவன். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அந்தக் காலத்தில்தான் தேறினார்கள். அந்த வித்தைக்கு அதிகம் ஈடுகொடுத்த வண்டிகளில் எம்.டி. 90 ஒன்று. புகை கக்கும், பிளக் அடிக்கடி கரிபிடிக்கும், ஆனாலும் ஓடும். அந்த இயந்திரத்தின் பெருமையை எழுதாத யாழ்ப்பாணத்தான் இல்லை. சில்லுகளைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

1997இல் வேலணைக்குப் போனேன். கொட்டிலின் கூரை விழுந்திருந்தது. இயந்திரம் இறுகியிருந்தாலும் பழுதாகவில்லை. றிம் இரண்டும் செம்மண் நிறம்.

தீவகத்துக் கறள் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எஃகு றிம்மின் மேல் முதலில் நிக்கல், அதன்மேல் குரோமியம் பூசுகிறார்கள். பளபளக்கும் அந்தக் குரோமியம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லை. அதிலுள்ள நுண்துளைகளால் கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கும். கறள் இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேற்பூச்சைக் கிளப்பிவிடும். ஆபத்தானது உட்புறம். கம்பிகளின் நிப்பிள் துளைகள் வழியாகப் புகும் நீர் றிம் நாடாவின் கீழ் தேங்கி நிற்கும். வெளியே மினுக்கம் மீந்திருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துவிடும்.

நன்னீரால் கழுவு என்கிறார்கள். குடிநீரைப் பவுசரில் எதிர்பார்த்திருக்கும் ஊரில் சில்லுக் கழுவ நன்னீர் யார் தருவார்? கிணற்றுநீரே பல இடங்களில் உவர். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகும் வண்டிகளுக்கு இன்னும் மோசம். குறிகட்டுவானில் படகேற்றும்போதே கடல் அவற்றைக் குளிப்பாட்டிவிடும்.

அன்று என்னிடம் பணமில்லை. பத்திரிகைச் சம்பளம் எப்படிப்பட்டதென்பது வாசகர்கள் அறிந்ததே. உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறப் பூச்சு அடித்தேன். பார்வைக்குப் புதுச் சில்லு. ஆறு ஆண்டுகள் அதில்தான் செய்தி சேகரித்தேன். 2003இல் ஒரு மாலை, பண்ணைத் தாம்போதியின் குழியொன்றில் முன்சில்லு இறங்கியது. நிப்பிள்கள் றிம்மைப் பிய்த்துக்கொண்டு வந்தன. கையெலும்பு முறிந்தது. பின்னால் லொறி வராததால் இதை எழுதுகிறேன்.

கம்பிச் சில்லில் பாரத்தைத் தாங்குவது இழுவிசை. கம்பிகள் யாவும் றிம்மை உள்நோக்கி இழுத்தபடி இருக்கின்றன. துளையைச் சுற்றிய தகடு மெலிந்தால் பூச்சு என்ன செய்யும்? மறுபடி குரோம் அடிப்பதிலும் இதே சிக்கல்தான். பழைய பூச்சை உரித்து, குழிகள் மறையும்வரை இரும்பைத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மெலியும். மேற்பரப்பில் மட்டும் கறள் பிடித்த றிம்முக்கு அது பொருந்தும். கொட்டிலில் ஏழு ஆண்டுகள் கிடந்ததற்குப் பொருந்தாது.

2002இல் ஏ9 வீதி திறந்த பின் இந்திய வண்டிகளும் உதிரிப்பாகங்களும் வந்து குவிந்தன, எம்.டி. 90கள் கோடிப்புறங்களுக்குப் போயின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பலர் அவற்றைத் தூசுதட்டி எடுத்தார்கள். 2025இல் தடை நீங்கிய பின்னும் விலைகள் சாமானியர் கைக்கு எட்டவில்லை.

பேரனுக்கு இவ்வளவையும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அப்ப அப்பப்பாவின்ர எண்டு அதில என்ன மிஞ்சும்?" என்று கேட்டான்.

"ஹப் இரண்டும் அவர் ஓடினதுதான் தம்பி. அதில கறள் இல்லை. வண்டி ஓட வேணுமெண்டால் றிம் மாத்தத்தான் வேணும்."

அலுமினிய றிம் போடலாமா என்றான். உப்பு அதையும் வெண்பொடியாக்கும், இரும்புக் கம்பி தொடும் இடத்தில் இன்னும் வேகமாக. கறுக்காத எஃகில் றிம்மும் கம்பியும் தேடச் சொன்னேன். துளைகளின் எண்ணிக்கையும் நிப்பிள் சாயும் கோணமும் பழைய ஹப்புக்குப் பொருந்த வேண்டும். அளவெடுத்து அனுப்பியிருக்கிறேன். பின்சில்லின் பழைய றிம்மைக் கழற்றி, திருத்திய கொட்டிலின் வளையில் கொழுவியிருக்கிறேன். அடுத்த ஆடியில் வருகிறானாம். அதைக் கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறானாம். விமானத்தில் ஏற்றுவார்களோ தெரியாது.