வெள்ளெலியின் வளையும் வீட்டெலியின் கூரையும்

1896-இல் பம்பாயில் மூண்டு 1898-இல் பெங்களூரை அடைந்த பிளேக்கு, அந்நாளில் சிங்காரப்பேட்டையையும் ஓசூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவுக்குத் தூரதேசத்து வியாதியாயிருக்கவில்லை. கேழ்வரகுக் கொல்லைகளில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும், கூரை இடுக்கையும் தானியக் குதிரிடத்தையும் நாடும் வீட்டெலியும் அறுவடைக் காலத்தில் ஒரே களத்தை அண்டும்போது, தெள்ளுப்பூச்சி ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தாவிக் கிருமியைக் கடத்தவல்லது. வெள்ளெலி நோயை ஓரளவு தாங்கும். வீட்டெலியோ மடிந்து விழ, அதன் சவம் குளிர்ந்ததும் பசித்த தெள்ளு மனிதனைத் தேடும். தெள்ளே நோயைக் கடத்துகிறதென்பதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1898-இல் கராச்சியில் சோதித்துரைத்தும் பண்டிதருலகம் பல்லாண்டு தயங்கிற்று. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநிலத்தில் குடிசையிட்ட கிராமத்தாரோ தயங்கவில்லை. பிற்காலத்தில் பெங்களூரின் பிளேக்கு கண்காணிப்பு நிலையத்தார் மும்மாநில எல்லைக் காடுமேடுகளில் பொறி வைத்து, எலிகளின் உதிரத்தைச் சோதித்து வந்தனர்.